ஒற்றைக் கட்டையில் ஒரு விளக்கு

தூக்கி எறியும் கட்டை

டார்ச் லைட் மங்குகிறது. கையால் தட்டினால் கொஞ்சம் எரிகிறது. மறுபடியும் மங்குகிறது. "கட்டை தீர்ந்துபோச்சு" என்று எடுத்து வெளியே எறிகிறார்கள். கடைக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்குகிறார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சில வீடுகளில் சிக்கனமான பெண்கள் அந்தக் கட்டையை எறிவதில்லை. அதைச் சுவர்க் கடிகாரத்தில் போடுகிறார்கள். கடிகாரம் பல வாரங்கள் ஓடுகிறது.

டார்ச்சுக்குத் தீர்ந்துபோன கட்டை, கடிகாரத்துக்கு மட்டும் எப்படித் தீராமல் இருக்கிறது? கட்டைக்குள் இன்னும் சக்தி மிச்சம் இருக்கிறது என்றுதானே பொருள்? அந்த மிச்சத்தை விளக்கு எரிக்கப் பயன்படுத்த முடியாதா?

முடியும். அதற்கு ஒரு சின்ன மின்சுற்று போதும். அதன் பெயர் பூஸ்ட் கன்வெர்ட்டர். தமிழில் 'அழுத்தம் ஏற்றி' என்று சொல்லலாம். ஒரே ஒரு கட்டையை வைத்து எல்.இ.டி. விளக்கை எரிய வைப்பது இதுதான். இது எப்படி வேலை செய்கிறது என்பதே இந்தப் பாடம்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண டார்ச் கட்டையின் உடல் துத்தநாகத் தகட்டால் ஆனது. நடுவில் ஒரு கரித் தண்டு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கறுப்பு மருந்து இருக்கிறது. துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அப்போது மின்சாரம் வருகிறது.

மின்சாரத்தைப் பற்றிப் பேச இரண்டு சொற்கள் தேவை.

ஒன்று, மின் அழுத்தம். இதை வோல்ட் என்ற அளவில் சொல்கிறோம்.

இன்னொன்று, மின்னோட்டம். இதை ஆம்பியர் என்ற அளவில் சொல்கிறோம். ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர்.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். தாழ்வாக இருந்தால் மெதுவாக வரும். தொட்டியின் உயரம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவுதான் ஆம்பியர்.

கடையில் பெரிய கட்டையும் இருக்கிறது. விரல் அளவுக் கட்டையும் இருக்கிறது. இரண்டின் மேலும் 1.5 வோல்ட் என்றே எழுதியிருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் தொட்டிகள். ஒன்று அகலமான தொட்டி, மற்றொன்று சின்னத் தொட்டி. பெரிய கட்டை அதிக நாள் வரும். ஆனால் அழுத்தம் இரண்டிலும் ஒன்றுதான்.

கட்டை பழசாக ஆக அழுத்தம் குறைகிறது. 1.5 வோல்ட் இருந்தது 1.3 ஆகும். பிறகு 1.1 ஆகும். 1.0 ஆகும். டார்ச் மங்கும் நேரத்தில் தொட்டியில் தண்ணீர் இன்னும் இருக்கும். மட்டம்தான் இறங்கியிருக்கும்.

எல்.இ.டி. என்னும் சிறு விளக்கு

பழைய டார்ச்சில் கண்ணாடி பல்பு இருந்தது. அதற்குள் ஒரு மெல்லிய கம்பி இருந்தது. கம்பி பழுக்கச் சூடாகும். அந்தச் சூட்டில்தான் வெளிச்சம் வந்தது. கட்டையின் சக்தியில் பெரும் பங்கு சூடாகவே வீணாயிற்று.

எல்.இ.டி.யில் கம்பி இல்லை. அரிசி அளவைவிடச் சிறிய ஒரு சில்லு இருக்கிறது. அதன் வழியே மின்னோட்டம் பாய்ந்தால் ஒளி வருகிறது. சூடு குறைவு. வெளிச்சம் அதிகம்.

முதலில் சிவப்பு, பச்சை எல்.இ.டி.கள்தான் வந்தன. நல்ல வெளிச்சமுள்ள நீல எல்.இ.டி. 1990களில்தான் வந்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சு கொடுத்தால் வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். இதனால்தான் வீட்டுக்கு ஏற்ற வெள்ளை எல்.இ.டி. வந்தது. நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று அறிஞர்களுக்கு 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

எல்.இ.டி.க்கு ஒரு குணம் உண்டு. அது வயலின் வரப்பு மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் வரப்பின் உயரத்தை எட்டினால்தான் மறுபக்கம் வழியும். ஒரு விரல் குறைந்தாலும் ஒரு சொட்டுகூடத் தாண்டாது.

வெள்ளை எல்.இ.டி. நன்றாக எரியச் சுமார் 3 வோல்ட் வேண்டும். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் வேண்டும். ஒரு கட்டையில் இருப்பதோ 1.5 வோல்ட். புத்தம் புதிய கட்டையாக இருந்தாலும் ஒற்றைக் கட்டையால் வெள்ளை எல்.இ.டி.யை நேராக எரிக்க முடியாது.

அதனால்தான் பல எல்.இ.டி. டார்ச்சுகளில் இரண்டு, மூன்று கட்டைகளை வரிசையாகப் போடுகிறார்கள். மூன்று கட்டை சேர்ந்தால் 4.5 வோல்ட். கட்டைகள் பழசாகி ஒவ்வொன்றும் 1 வோல்ட் ஆனால், மொத்தம் 3 வோல்ட்தான். விளக்கு மங்கிவிடும். மூன்று கட்டைகளையும் எறிவார்கள்.

ஏற்றம் இறைத்தால் ஏறும்

கிணற்றுத் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிறது. வாய்க்கால் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் தானாக ஏறி வராது. அந்தக் காலத்தில் ஏற்றம் போட்டு இறைத்தார்கள். சால் கீழே போகும். தண்ணீரை மொள்ளும். மேலே வரும். வாய்க்காலில் கொட்டும். மறுபடி கீழே போகும். ஒவ்வொரு சாலாக இறைத்தாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பூஸ்ட் கன்வெர்ட்டர் மின்சாரத்துக்கு ஏற்றம். கட்டையில் இருக்கும் தாழ்ந்த மின்சாரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக மொள்கிறது. உயர்த்துகிறது. எல்.இ.டி.யில் கொட்டுகிறது. ஒரு நொடியில் பல ஆயிரம் முறை இப்படிச் செய்கிறது.

இந்த ஏற்றத்தில் சால் எது? அது ஒரு கம்பிச் சுருள். கடைக்காரர்கள் இதைக் காயில் என்பார்கள். ஏற்றத்தை ஆட்டும் ஆள் யார்? அது டிரான்சிஸ்டர்.

பேசிப் புரிந்துகொள்வோம்

கேரள மாநிலம் மூணாறு மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வரிசை வரிசையாக இருக்கும் அவர்களுடைய வீடுகளை லயம் என்று சொல்வார்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோகும். இரவில் யானை நடமாட்டமும் உண்டு. டார்ச் இல்லாமல் வெளியே போக முடியாது. அப்படி ஒரு லயத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு பெரியம்மாவும் ரேடியோ, செல்போன் பழுது பார்க்கும் ஒரு தம்பியும் பேசிக்கொண்டால் எப்படி இருக்கும்?

"ஏன் தம்பி, கம்பியைச் சுத்தி வெச்சா கரண்டு எப்படிக் கூடும்? கம்பிக்குள்ளே என்ன மந்திரமா இருக்கு?"

"மந்திரம் இல்லை பெரியம்மா. நீங்க பஸ்ஸிலே நின்னுக்கிட்டுப் போறீங்க. டிரைவர் திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"முன்னாலே போய் விழுவோம்."

"ஏன்?"

"ஓடின வேகம் சட்டுனு நிக்காதே, தம்பி."

"அதே கதைதான். காயிலுக்குள்ளே கரண்டு ஓடிக்கிட்டு இருக்கு. திடீர்னு வழியை மறிச்சா, அது சட்டுனு நிக்காது. எப்படியாவது போகப் பார்க்கும். அப்ப ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, கட்டையிலே இருக்கிற அழுத்தத்தைவிட அதிகமா இருக்கும்."

"அந்தத் தள்ளுலே எல்.இ.டி. எரியுமா?"

"ஆமா. வரப்பைத் தாண்டிடும்."

"நம்பவே முடியலையே."

"உங்க வீட்டுலே பழைய டியூப்லைட் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? சுவிட்சு போட்டா உடனே எரியாது. மினுக்கு மினுக்குன்னு மின்னும். அப்புறம் பளிச்சுனு எரியும்."

"ஆமாம். அதுக்கு ஸ்டார்ட்டர் மாத்தணும்னு சொல்லி நீதானே காசு வாங்கினே!"

"அதேதான் பெரியம்மா. டியூப்லைட்டுக்குள்ளே சோக் ஒண்ணு இருக்கும். சோக்னா காயில்தான். ஸ்டார்ட்டர் கரண்டை விடும், சட்டுனு அறுக்கும். அறுத்ததும் சோக் பெரிசா ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளுலேதான் டியூப் பத்திக்கும். பைக்கிலே பிளக்குலே பொறி வர்றதும் இப்படித்தான். பேட்டரி 12 வோல்ட்தான். காயில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஆக்குது."

"அப்ப நான் எறியற கட்டை எல்லாம் இனிமே உன்கிட்டேதான் வரும்."

"வரட்டும். ஆனா ஒண்ணு பெரியம்மா. ராத்திரி வெளியே போக நல்ல கட்டை போட்ட டார்ச்தான் வேணும். பழைய கட்டை வெளிச்சம் அடுப்படிக்கும், படுக்கிற இடத்துக்கும் போதும். யானை வர்ற பாதைக்குப் போதாது."

தம்பி சொன்னது முக்கியமான செய்தி. எது எதற்குப் போதும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

படிப்படியாகப் பார்ப்போம்

காயிலில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகிறது. சக்தி அந்தக் காந்தத்தில் தங்குகிறது. மின்னோட்டத்தை நிறுத்தினால் காந்தம் குறைகிறது. காந்தம் மாறும்போது கம்பியில் மின் அழுத்தம் பிறக்கிறது. காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள இந்த உறவை இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்பவரும் அதே காலத்தில் இதை ஆராய்ந்தார். காயிலின் அளவை இன்றும் ஹென்றி என்றே சொல்கிறோம்.

எளிய சுற்றில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன. காயில், டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், எல்.இ.டி. காயிலில் இரண்டு கம்பிகளை ஒரே வளையத்தில் சுற்றியிருப்பார்கள். ஒன்று பெரிய வேலை செய்யும் கம்பி. மற்றொன்று டிரான்சிஸ்டருக்குச் சைகை காட்டும் கம்பி.

வேலை நடக்கும் முறை இது:

1. கட்டையைப் போட்டதும் ரெசிஸ்டர் வழியாகச் சிறிது மின்னோட்டம் டிரான்சிஸ்டருக்குப் போகிறது. டிரான்சிஸ்டர் கதவைக் கொஞ்சம் திறக்கிறது.

2. கதவு திறந்ததால் பெரிய கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது. வளையம் காந்தமாகத் தொடங்குகிறது.

3. காந்தம் வளர்வதால் சைகைக் கம்பியிலும் அழுத்தம் பிறக்கிறது. "இன்னும் திற" என்று அது டிரான்சிஸ்டரைத் தூண்டுகிறது. கதவு முழுவதும் திறக்கிறது.

4. ஓர் எல்லைக்கு மேல் காந்தம் வளர முடியாது. வளர்ச்சி நின்றதும் சைகையும் நின்றுவிடுகிறது. டிரான்சிஸ்டர் கதவை மூடுகிறது.

5. பெரிய கம்பியில் ஓடிய மின்னோட்டத்துக்கு வழி அடைபட்டுவிட்டது. அது தள்ளுகிறது. கட்டையின் அழுத்தமும் இந்தத் தள்ளும் சேர்ந்து 3 வோல்ட்டைத் தாண்டுகிறது. எல்.இ.டி. எரிகிறது.

6. காந்தத்தில் இருந்த சக்தி தீர்கிறது. எல்.இ.டி. அணைகிறது. மறுபடி முதல் படியில் தொடங்குகிறது.

அப்படியானால் விளக்கு மினுக்க வேண்டுமே? மினுக்குகிறது. ஆனால் ஒரு நொடியில் பல ஆயிரம் முறை மினுக்குகிறது. நம் கண்ணுக்கு அவ்வளவு வேகம் தெரியாது. தொடர்ந்து எரிவதாகவே தெரியும்.

இந்தச் சுற்று தொடங்கக் கட்டையில் சுமார் 0.6 வோல்ட் இருந்தாலே போதும். டார்ச் கைவிட்ட கட்டையிலும் இது வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். மிச்சம் மீதி சக்தியையும் உறிஞ்சுவதால், இதற்கு 'ஜூல் திருடன்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூல் என்பது சக்தியை அளக்கும் அளவு.

இலவசமாக எதுவும் வராது

1.5 வோல்ட்டை 3 வோல்ட் ஆக்கிவிட்டோம். அப்படியானால் மின்சாரம் இரண்டு மடங்காகிவிட்டதா?

இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். ஒரு சிறிய வெள்ளை எல்.இ.டி. நன்றாக எரிய 3 வோல்ட்டும் 20 மில்லி ஆம்பியரும் வேண்டும். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர்.

3 × 0.02 = 0.06 வாட்.

இந்த 0.06 வாட்டும் கட்டையிலிருந்துதான் வர வேண்டும். கட்டையில் 1.5 வோல்ட் இருக்கிறது.

0.06 ÷ 1.5 = 0.04 ஆம்பியர். அதாவது 40 மில்லி ஆம்பியர்.

பாருங்கள். அழுத்தம் இரண்டு மடங்கு ஏறியது. மின்னோட்டமோ பாதியாக இறங்கியது. எல்.இ.டி.க்கு 20 கொடுக்க, கட்டை 40 கொடுக்கிறது. ஒன்று கூடினால் ஒன்று குறையும்.

காயிலிலும் டிரான்சிஸ்டரிலும் கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகும். ஏற்றச் சாலில் தண்ணீர் சிந்துவதைப் போல. 100 பங்கில் 20 பங்கு சிந்தினால், கட்டை 40க்குப் பதில் 50 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். கையால் செய்த சுற்றில் இன்னும் அதிகமாகவே சிந்தும்.

கட்டை 1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால்? அதே வெளிச்சத்துக்கு 75 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். தொட்டி தாழத் தாழ, அதிகச் சால் மொள்ள வேண்டும். பழைய கட்டையால் அவ்வளவு கொடுக்க முடியாது. அதனால் எளிய சுற்றில் கட்டை தேயத் தேய வெளிச்சமும் குறைந்துகொண்டே வரும்.

"கட்டையே இல்லாமல் எரியும் விளக்கு", "ஒரு முறை வாங்கினால் ஆயுள் முழுவதும் மின்சாரம்" என்று யாராவது சந்தையில் விற்க வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்றும் சக்தியைப் புதிதாக உண்டாக்காது. இருப்பதைத்தான் மாற்றிக் கொடுக்கும்.

செய்து பார்க்க விரும்பினால்

இந்தச் சுற்றை வீட்டிலேயே செய்யலாம். 1.5 வோல்ட்தான் என்பதால் ஷாக் அடிக்கும் பயம் இல்லை. ரேடியோ சாமான் விற்கும் கடையில் இவற்றைக் கேளுங்கள்:

பி.சி. 547 டிரான்சிஸ்டர் – 1
1 கிலோ ஓம் ரெசிஸ்டர் – 1
வெள்ளை எல்.இ.டி. – 1
சிறிய ஃபெரைட் வளையம் – 1
எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி – 2 மீட்டர்

ரெசிஸ்டரில் எழுத்து இருக்காது. நிறக் கோடுகள் இருக்கும். பழுப்பு என்றால் 1. கறுப்பு என்றால் 0. மூன்றாவது கோடு சிவப்பாக இருந்தால், பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்க்க வேண்டும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1000. அதுவே 1 கிலோ ஓம். இதுவும் ஒரு வகைப் படிப்புதான்.

கம்பியை இரண்டு சமத் துண்டாக வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வளையத்துக்குள் 15 அல்லது 20 சுற்று சுற்றுங்கள். நுனிகளில் உள்ள எனாமலைச் சுரண்டுங்கள். சுரண்டாவிட்டால் மின்சாரம் பாயாது.

முதல் கம்பியின் தொடக்கத்தையும் இரண்டாவது கம்பியின் முடிவையும் சேர்த்து முறுக்குங்கள். இது கட்டையின் குமிழ் உள்ள பக்கத்துக்கு, அதாவது கூட்டல் குறி உள்ள பக்கத்துக்குப் போக வேண்டும்.

டிரான்சிஸ்டரின் தட்டையான பக்கம் உங்களைப் பார்க்கட்டும். கால்கள் கீழே இருக்கட்டும். இடது கால் கலெக்டர். நடுக் கால் பேஸ். வலது கால் எமிட்டர்.

முதல் கம்பியின் முடிவைக் கலெக்டரில் இணையுங்கள். இரண்டாவது கம்பியின் தொடக்கத்தை ரெசிஸ்டரில் இணையுங்கள். ரெசிஸ்டரின் மறுமுனையைப் பேஸில் இணையுங்கள். எமிட்டர், கட்டையின் அடிப்பக்கத்துக்குப் போக வேண்டும். எல்.இ.டி.யின் நீண்ட காலைக் கலெக்டரிலும், குட்டைக் காலை எமிட்டரிலும் இணையுங்கள்.

எரியவில்லையா? பெரும்பாலும் இரண்டாவது கம்பியின் முனைகள் இடம் மாறியிருக்கும். அவற்றை மாற்றி இணையுங்கள். எனாமலைச் சரியாகச் சுரண்டினீர்களா என்றும் பாருங்கள்.

எங்கெல்லாம் இருக்கிறது?

தோட்டத்தில் குத்தி வைக்கும் சிறிய சூரிய விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் 1.2 வோல்ட் கொண்ட ஒரே ஒரு சார்ஜ் கட்டைதான் இருக்கும். பகலில் சூரியத் தகடு அதைச் சார்ஜ் செய்யும். இரவில் நான்கு கால் கொண்ட ஒரு சில்லும் ஒரு காயிலும் சேர்ந்து எல்.இ.டி.யை எரிக்கும்.

செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கிலும் அழுத்தம் ஏற்றி இருக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட். வெளியே வருவது 5 வோல்ட். கொசு அடிக்கும் மட்டையிலும் சிறிய பேட்டரியின் அழுத்தத்தைப் பல நூறு மடங்கு ஏற்றுகிறார்கள்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நம் நாட்டுக் கிராமங்களில் 100 வீட்டுக்கு 43 வீடுகள் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. 2018 ஏப்ரலில் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும் காற்றிலும் மழையிலும் மின்சாரம் நின்றுபோகிறது. அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு புகை கக்கும். கவிழ்ந்தால் தீப்பிடிக்கும். சின்ன எல்.இ.டி. விளக்கு கவிழ்ந்தாலும் ஆபத்து இல்லை.

கற்றுக்கொண்ட கைகள்

ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1972ஆம் ஆண்டு பங்கர் ராய் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதை வெறுங்கால் கல்லூரி என்கிறார்கள். கிராமத்துப் பெண்கள் அங்கே சூரிய விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து கற்றுப் போகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே மொழி தெரியாது. நிறத்தாலும் எண்ணாலும் சைகையாலும் கற்றுக்கொள்கிறார்கள். ரெசிஸ்டரின் நிறக் கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்கிறார்கள். சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பற்ற வைக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி விளக்குகளைப் பராமரிக்கிறார்கள்.

'நமக்கு இதெல்லாம் வராது' என்று அவர்கள் ஒதுங்கவில்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு நான்கு உறுப்புகளைக் கூட்டிச் சேர்ப்பது கடினமா?

கவனம் தேவை

* சாதாரணக் கட்டையைச் சார்ஜ் செய்யாதீர்கள். கசியும். சில நேரம் வெடிக்கும். சார்ஜ் செய்யும் கட்டையில் அதைக் குறிப்பிட்டு எழுதியிருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

* டார்ச்சில் புதுக் கட்டையையும் பழைய கட்டையையும் கலந்து போடாதீர்கள். பழைய கட்டை கசிந்து டார்ச்சைக் கெடுக்கும்.

* ஒற்றைக் கட்டை விளக்கு நின்றுபோனால் கட்டையை உடனே வெளியே எடுங்கள். அடியோடு தீர்ந்த கட்டை சீக்கிரம் கசியும்.

* சார்ஜ் கட்டையைச் சொட்டுக்கூட இல்லாமல் வற்ற விடாதீர்கள். அதன் ஆயுள் குறையும். வெளிச்சம் மங்கியதும் சார்ஜ் செய்யுங்கள்.

* வளையம் எடுப்பதற்காகப் பழைய சி.எஃப்.எல். பல்பை உடைக்காதீர்கள். அதில் பாதரசம் இருக்கிறது. அது நஞ்சு.

* கட்டையை அடுப்பில் போடாதீர்கள். கிணற்றிலும் வயலிலும் எறியாதீர்கள். 2022ஆம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்த கட்டைகளை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

* குழந்தைகள் கையில் கட்டையைக் கொடுக்காதீர்கள். பொத்தான் அளவுச் சிறிய கட்டைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

வோல்ட் – மின் அழுத்தத்தின் அளவு
ஆம்பியர் – மின்னோட்டத்தின் அளவு
வாட் – ஒரு நொடிக்குச் செலவாகும் மின்சக்தியின் அளவு
காயில் – கம்பிச் சுருள்
டிரான்சிஸ்டர் – மின்னோட்டத்தைத் திறந்து மூடும் உறுப்பு
ரெசிஸ்டர் – மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு

பதில் சொல்லுங்கள்

1. ஒரு புதுக் கட்டையை வெள்ளை எல்.இ.டி.யில் நேராக இணைத்தால் ஏன் எரிவதில்லை?

2. டார்ச்சில் மங்கிய கட்டை, சுவர்க் கடிகாரத்தை ஓட்டுவது எப்படி?

3. ஓடும் பஸ்ஸில் பிரேக் போடுவதும், காயிலில் மின்னோட்டத்தை நிறுத்துவதும் எந்த வகையில் ஒன்று?

4. அழுத்தத்தை ஏற்றினால் எது குறைகிறது?

கணக்கு

ஒரு சார்ஜ் கட்டையின் மேல் 2000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. ஒற்றைக் கட்டை விளக்கு அதிலிருந்து 60 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. விளக்கு எத்தனை மணி நேரம் எரியும்? ஒரு நாளைக்கு 3 மணி நேரம் எரித்தால் எத்தனை நாள் வரும்?

(விடை: ஏறக்குறைய 33 மணி நேரம், 11 நாள்)

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒரு வருடத்தில் எத்தனை கட்டைகள் வாங்குகிறீர்கள்? அதற்கு எவ்வளவு செலவாகிறது? ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அடுத்த வகுப்பில் மற்றவர்களோடு பேசுங்கள்.